அமிர்தவள்ளியின் வரிசை நோட்டு

பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போகும் வழியில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு குதிரை லாயம் இருக்கிறது. வீட்டில் குதிரை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள்; தீனி போடுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, டாக்டரைக் கூப்பிடுவது எல்லாம் லாயத்தின் பொறுப்பு. மொத்தம் பதினான்கு அறைகள். வருஷம் முழுக்கப் பதினான்கிலும் குதிரை நிற்கும். இடம் கேட்டு வருகிற யாரானாலும் முதலில் அமிர்தவள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

அமிர்தவள்ளிக்கு நாற்பத்தேழு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம் மேல்தோல் தைத்தவள். கம்பெனி ஒரு லைனையே மூடியபோது அவளோடு சேர்த்து அறுபது பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் லாயத்தில் சாணம் அள்ளும் வேலை. முதல் வாரம் முழுக்க, குதிரையை வெளியே கொண்டுபோன பிறகுதான் அறைக்குள் காலெடுத்து வைப்பாள். அந்தப் பெரிய கண் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

பயம் போனதற்குக் காரணம் ஒரு சேணம். வயிற்றுவாரின் தையல் விட்டுப்போய் அதை ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். சென்னைக்கு அனுப்பினால் வர ஒரு மாசம் ஆகும் என்றார்கள். அமிர்தவள்ளி அதை மடியில் வைத்து, மெழுகு நூலால் ஒரு மதியத்துக்குள் தைத்து முடித்தாள். தைத்த வாரைக் குதிரைக்குக் கட்டிப் பார்க்க அவளையே கூப்பிட்டார்கள். தன் கையால் தைத்தது அந்த வயிற்றில் அழுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தபோது, குதிரையின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அன்றைக்கு அவளுக்குப் பயப்பட நேரமில்லை.

எட்டு வருஷத்தில் அவளே லாயத்தின் மேனேஜர் ஆனாள். ஆனவுடன் செய்த முதல் வேலை, இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கியது. அதற்கு முன்னால் பெரிய இடத்திலிருந்து போன் வந்தால் போதும், ஒரு வருஷமாகக் காத்திருப்பவரைத் தள்ளிவிட்டுப் புதிதாக வந்தவருக்கு அறை போய்விடும். அமிர்தவள்ளி தேதி, நேரம், பெயர், போன் நம்பர், குதிரையின் நிறம் என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். முதலாளியிடம் போய், "இந்த நோட்டுல இருக்கிற வரிசைய நீங்களே சொன்னாலும் மாத்த மாட்டேன் சார். அப்புறம் என்னக் கோச்சுக்கக் கூடாது" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்த வருஷமே முதலாளியின் மைத்துனர் பதினோரு மாசம் காத்திருந்துதான் அறை வாங்கினார். இந்தக் கதை ஆம்பூர் வரைக்கும் பரவியது.

இன்னொரு சட்டமும் அவள் போட்டதுதான். காட்பாடியிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் போட்டோ எடுக்கிறேன் என்று கூச்சல் போட்டதில், ஒரு குட்டி மிரண்டு ஓடி வேலிக்கம்பியில் முட்டியைக் கிழித்துக்கொண்டது. அன்றிலிருந்து குதிரையின் சொந்தக்காரர்களுக்கும், நோட்டில் பெயர் உள்ளவர்களுக்கும் மட்டும்தான் கேட் திறக்கும். பெயர் கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

அப்படி வந்தவர்தான் இஷ்தியாக் அகமது. ஆம்பூர்க்காரர், அறுபத்தாறு வயது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பகுதியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெயர் கொடுத்தார். குதிரை என்ன நிறம் என்று அமிர்தவள்ளி கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "வெள்ளை" என்றார். அதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எந்தக் குதிரையையும் தொட மாட்டார். ஒரு மணி நேரம் கழித்து, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய முறை வந்தபோது அமிர்தவள்ளி சந்தோஷமாகப் போன் போட்டாள். "இந்தத் தடவ வேணாம்மா. அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க" என்றார். நாலு மாசம் கழித்து இன்னொரு அறை காலியானபோதும் அதே பதில். வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது என்று அவளுடைய சட்டத்தில் எதுவும் இல்லை. பெயர் அப்படியே முதலில் நின்றது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மேற்கு வரிசை அறைகளில் ஈரம் காயவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் மூத்திரக் காட்டம் கண்ணைக் கரித்தது. வைக்கோலை ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றியும் இரண்டு குதிரைகள் இருமத் தொடங்கின. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "மருந்து எழுதித் தர்றேன். ஆனா வியாதி தரையில இருக்குது" என்றார். கொத்தனார் வந்து மேலே இன்னொரு பூச்சு சிமெண்ட் பூசினார். ஈரம் முன்னைவிட ஜாஸ்தியானது.

ஞாயிற்றுக்கிழமை வந்த இஷ்தியாக் பாய், குதிரையை வெளியே கட்டியிருந்த ஓர் அறையின் வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். பிறகு ஒரு மக்கில் தண்ணீர் கேட்டு வாங்கித் தரையில் மெல்ல ஊற்றினார்.

"தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க அமிர்தம்மா."

தண்ணீர் எங்கேயும் போகவில்லை. நடு அறையில் குளம் மாதிரி நின்றது.

"எங்க டேனரியில தரை ஒரு விரல் சரிவு தப்புச்சுன்னா அன்னிக்கு முழுக்க தொட்டித் தண்ணியிலதான் நிப்போம். முப்பத்தஞ்சு வருஷம் நான் பார்த்ததே தோலைவிட தரையத்தான். இந்த சிமெண்டைப் பேத்துடுங்க. கீழ ஜல்லி, அதுமேல மணல், அதுக்கு மேல செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்து போட்டு திமிசுக்கட்டையால இடிச்சு இறுக்கணும். சரிவு வாசப்பக்கமா வரணும்."

அந்த வாரம் நாலு நாள் அவரே வந்து நின்று வேலை வாங்கினார். பேன்ட்டை மடித்துவிட்டு, ஒரு கயிற்றைத் தரையோடு பிடித்துச் சரிவு பார்த்தார். மதியச் சாப்பாட்டை அமிர்தவள்ளி தன் டப்பாவிலிருந்து பகிர்ந்துகொண்டாள். அவர் அதிகம் பேசவில்லை. குதிரை இருமும் சத்தம் கேட்டால் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். மூன்று வாரத்தில் இருமல் நின்றது. கதவைத் திறந்தால் வைக்கோல் வாசம் மட்டும் வந்தது.

தை மாசம் ஓர் அறை காலியானது. பாய் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றார். அறை அடுத்தவருக்குப் போனது. அதற்கும் அடுத்த பெயர் சத்துவாச்சாரியில் டயர் கடை வைத்திருக்கும் மதியழகனுடையது. அவர் மகள் தமிழினிக்குப் பதினைந்து வயது. பந்தயங்களில் குதிரை ஓட்டுகிற பெண். அவளுடைய குதிரை கலவை என்ற ஊரில் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்றது. அதைப் பார்ப்பதற்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் போக முடிந்தது. மதியழகன் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், மொதல்ல இருக்கிறவரு மூணு தடவ வேணான்னுட்டாராம். அவருக்குக் குதிர இருக்குதா இல்லையா?"

"விசாரிக்கிறேன் சார்."

"நான் யார்கிட்டயும் சிபாரிசுக்குப் போகல. உங்க நோட்டை நம்பித்தான் போகல. அதுலயே யாருக்காகவோ எடம் புடிச்சு வச்சிருக்கீங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். அவர் வருத்தமாகச் சொன்னார்.

ஞாயிறன்று பாய் வந்ததும் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "பாய், உங்க குதிர எங்க இருக்குது?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "குதிர இல்லம்மா."

வெளியே யாரோ வாளியை உருட்டும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகுதான் மேலே பேசினார்.

"எங்க வீட்டம்மாவ வைத்தியத்துக்கு வேலூர் கூட்டிட்டுப் போவேன். ஒம்போது மாசம். திரும்பி வர்றப்ப இந்த இடத்துல வண்டிய நிறுத்தச் சொல்லுவா. வேலிக்கு அந்தாண்ட நின்னு பத்து நிமிஷம் பார்ப்பா. வாழ்க்கையில குதிரகிட்டயே போனவ இல்ல. வலி கம்மியா இருக்குதுன்னு சொல்லுவா. அவ போனப்புறம் நான் மட்டும் வந்தேன். நோட்டுல பேரு இருந்தாத்தான் உள்ள விடுவோம்னு கேட்டுல சொன்னாங்க. அப்ப என் பேரையும் எழுதுங்கன்னேன். அவ்ளோதான்."

"வெள்ளக் குதிரன்னு சொன்னீங்களே."

"அவளுக்கு வெள்ளதான் புடிக்கும்."

அமிர்தவள்ளி வெகுநேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். தரை போட்டுக் கொடுத்த மனிதர். ஒருவருடைய அறையையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த நோட்டில் ஒரு பொய்ப் பெயர் இருந்தால், மற்ற பெயர்களுக்கு என்ன மதிப்பு?

"எனக்கு வேற வழி தெரியல பாய்."

"அடிச்சுடுங்கம்மா. நானே முன்னாடி சொல்லியிருக்கணும்."

அவர் முன்னாலேயே ஒரு கோடு இழுத்தாள். அன்று அவர் குதிரைகளைப் பார்க்காமலே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பத்து மணி பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டு அவள் இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். மேனேஜர் சொன்னால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். ஆனால் தான் போட்ட சட்டத்தைத் தானே பின்வாசல் வழியாக உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிஜ்லிக்குக் கால் வீங்கியது. பிஜ்லி இருபத்திரண்டு வயதுப் பெண் குதிரை, பழுப்பு நிறம். அதன் சொந்தக்காரர் ஃபைஸான் ஷூ கம்பெனி வேலையாக ஜெர்மனிக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. காலையும் மாலையும் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்த வேண்டும் என்றார் டாக்டர். பதினான்கு குதிரைக்கு இரண்டே ஆட்கள். வாரத்தில் இரண்டு நாள் நடத்தினாலே பெரிசு.

அமிர்தவள்ளி ஜெர்மனிக்குப் போன் போட்டாள். "சார், பிஜ்லிய நடத்துறதுக்கு ஒருத்தர் இருக்காரு. உங்க ஆளா அவர உள்ள விடலாம்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க."

"அவருக்குக் குதிர பழக்கமா?"

"தொட்டுப் பழக்கமில்ல. பார்த்துப் பழக்கம். ரெண்டு வருஷமா."

ஃபைஸான் அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. மறுநாள் காலையில் கடிதம் போனில் வந்துவிட்டது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அமிர்தவள்ளி ஆம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

பாய் வீடு மசூதித் தெருவின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு உள்ளே கூப்பிட்டு, தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். அவள் அதைச் சொல்லாமல் குடித்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

"நான் ஒரு குதிரயத் தொட்டதுகூட இல்லம்மா."

"யாரும் பொறக்கும்போதே தொட்டுட்டுப் பொறக்கல பாய்."

"எம்மேல பரிதாபப்பட்டு செய்யறீங்களா?"

அமிர்தவள்ளி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "குதிரைக்குக் கால் வீங்கிக் கிடக்குது. பாதி அதுக்காக வந்தேன். மீதி பாதிய நீங்க கேக்கக் கூடாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளம்பும்போது, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் பிஜ்லி நகரவே இல்லை. பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதுவும் நின்றது. இழுக்கச் சொல்லி ஆட்கள் கத்தினார்கள். அவர் இழுக்கவில்லை. அதனிடம் உருதுவில் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்து அதுவே ஒரு அடி எடுத்து வைத்தது. மாசக் கடைசியில் கால் வீக்கம் வற்றிவிட்டது.

அமிர்தவள்ளி நோட்டின் முதல் பக்கத்தில் புதிதாக இரண்டு சட்டம் எழுதினாள். பெயர் கொடுக்கும்போது குதிரையின் போட்டோ காட்ட வேண்டும். இரண்டு தடவை வேண்டாம் என்றால் பெயர் கடைசிக்குப் போகும். சித்திரையில் அறை காலியானபோது மதியழகனின் முறை வந்தது. கலவையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய குதிரையைத் தமிழினி அன்று முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மதியழகன் அமிர்தவள்ளியிடம் வந்து, "அன்னிக்கு ஒரு வார்த்த ஜாஸ்தியா சொல்லிட்டேன்" என்றார். "சொன்னது நல்லதாப் போச்சு சார்" என்றாள் அவள்.

இப்போது பாய் வாரத்தில் ஆறு நாள் வருகிறார். கிழக்கு வரிசைத் தரையையும் பெயர்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார். அடுத்த மழைக்குள் செய்துவிடலாம் என்று முதலாளியிடம் அமிர்தவள்ளி பேசிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் நடை முடிந்து வந்தவர் கயிற்றை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அமிர்தம்மா, கவனிச்சீங்களா? பிஜ்லிக்கு நான் இடது பக்கமா நடந்தாத்தான் புடிக்குது."

"எல்லாக் குதிரையும் அப்படித்தான் பாய். இடது பக்கமாத்தான் பழக்குவாங்க."

"தெரியும்" என்றார் அவர், குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டபடி. "இருந்தாலும்."