இடப்பக்கம் ஐம்பது மீட்டர்

தையல்காரர் மகன். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர், இருபத்தேழு ஆண்டுகளில் கமாண்டர் ஆனார். கோபம் தலைக்கேறினாலும் குரல் ஏறாது என்பதால் மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் ‘ஐஸ்கட்டி’. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

எதிரி பிடித்திருந்த துறைமுகத்தை மீட்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து இறங்கிய அன்று, காலை ஒன்பது நாற்பது. சுங்க அலுவலகத்தில் இருபத்தாறு வயதுத் தரைப்படைக் கேப்டன் ஒருவனும் அவனுடைய ஆட்களுமாக நாற்பத்திரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே எதிரி. கமாண்டரின் கப்பல் பீரங்கியை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை.

முதல் குண்டு குறி தவறியது. “இடப்பக்கம் ஐம்பது மீட்டர் தள்ளுங்க சார்!” என்று வயர்லெஸில் கத்தினான் கேப்டன். கமாண்டர் தலையசைத்தார். பீரங்கி இடப்பக்கம் திரும்பியது.

இரண்டாவது குண்டு, கேப்டனின் ஆட்கள் படுத்திருந்த மதிலோரமே விழுந்தது.

“நம்ம ஆளுங்க நாலு பேர அடிச்சிட்டீங்க! ஒருத்தனுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, இன்னும் கத்திக்கிட்டிருக்கான்! கண்ணு அவிஞ்சு போச்சாய்யா உங்களுக்கு?”

கமாண்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கேப்டன் கடலைப் பார்த்து நிற்கிறான். கப்பல் கரையைப் பார்க்கிறது. அவனுக்கு இடது, இவர்களுக்கு வலது. இரண்டு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து அடையாளச் சொல் முதல் தண்ணீர் பாட்டில் வரை பேசி முடித்த இரு படை அதிகாரிகளும் இதை மட்டும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பீரங்கி அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். “நிறுத்திடலாமா சார்?”

நிறுத்தினால் மிச்சமிருப்பவர்களும் பிணம். எதிரி அறுபது மீட்டருக்கு வந்துவிட்டான்.

“தம்பி, இடது வலதை விடு. கலங்கரை விளக்கப் பக்கமா, கிரேன் பக்கமா?”

“உங்கள நம்பி இன்னொண்ணு வேறயா?”

“திட்டுறத அப்புறம் திட்டு. எந்தப் பக்கம்?”

கேப்டன் மூச்சிரைக்கச் சொன்னான்: “கிரேன் பக்கம். நூறு மீட்டர்.”

ஆறு குண்டுகள். படகுத்துறை பிளந்தது. எதிரிகளின் எரியும் உடல்கள் எண்ணெய் மிதந்த தண்ணீரில் விழுந்து, அங்கேயும் எரிந்தன. ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் பீரங்கி ஓய்ந்தது.

நண்பகலில் கமாண்டர் கரையிறங்கினார். முப்பத்தாறு பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். நால்வரைத் தவிர இருவர் எதிரியின் துப்பாக்கிக்கு இரையாகியிருந்தார்கள். கேப்டன் நேரே வந்து கமாண்டரின் வாயிலேயே குத்தினான். மாலுமிகள் பாய்ந்தார்கள்.

“விடுங்கடா அவனை.” ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “அந்த நாலு பேரோட பேரையும் சொல்லு, தம்பி.”

அறிக்கை எழுதும்போது தலைமையக அதிகாரி ஒருவர் நைச்சியமாகச் சொல்லிப் பார்த்தார்: “எதிரி குண்டுன்னு போட்டுட்டா ஆச்சு. எதுக்கு சார் வீண் வம்பு?”

கமாண்டர் எழுதினார்: ‘நால்வரும் என் கப்பலின் இரண்டாவது குண்டில் இறந்தனர். யாருடைய இடப்பக்கம் என்று நான் கேட்கவில்லை.’ கீழே நான்கு பெயர்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, அதே கமாண்டர் பதவியிலேயே ஓய்வு பெற்றார்.