எதுக்கு மட்டும் கலர்?

“எதுக்கு மட்டும் கலர் வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க,” என்று ஆள்காட்டி விரலை வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார் ஸ்டுடியோக்காரர். எதிரே கல்யாணப் படத்தோடு உட்கார்ந்திருக்கும் ஜோடி ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிறது. சேலையா, ரோஜாவா? இவருக்குப் பொறுமை கிடையாது. “ரெண்டு வெச்சா கதம்பமாயிடும். கண்ணு எங்க போறதுன்னு தெரியாம முழிக்கும்,” என்பார்.

படத்தில் ஒன்றுக்கு மட்டும் நிறத்தை விட்டுவைத்து, மிச்சத்தையெல்லாம் கருப்பு வெள்ளையாக்குவதில் அந்தத் தெருவில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ‘ஒத்தக் கலர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலை மும்முரத்தில் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கூப்பிட்டால் காது கேட்காது. புது மனைவியைச் சாம்பலாக நிறுத்திவிட்டு பைக்குக்கு மட்டும் சிவப்புக் கேட்ட மாப்பிள்ளைக்குக்கூட முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். “அவர் படம், அவர் பாடு,” என்பதோடு சரி.

அப்பேர்ப்பட்டவர்தான் இன்று காலையிலிருந்து சொந்தப் படத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். முதல் மனைவி இறந்து மூன்று வருடம் கழித்து, போன மாதம்தான் மறுபடி கல்யாணம். கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டின் கூடத்தில் எடுத்த படம். நடுவில் இவர், ஒரு பக்கம் நீலக் கவுனில் மகள், மறுபக்கம் பச்சைச் சேலையில் புது மனைவி. “ஊருக்கெல்லாம் பண்றீங்க, நமக்கு ஒண்ணு பண்ணக்கூடாதா?” என்றாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

பச்சையை விட்டுவைத்தார். மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “சித்திக்கு மட்டும் கலரு. நான் ஏம்பா சாம்பல் பூசின மாதிரி இருக்கேன்?”

நீலத்தை விட்டுவைத்தார். மகள் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். படத்தில் புது மனைவியோ விருந்தாளி போல ஓரமாக நின்றாள். இரண்டையும் வைத்துப் பார்த்தார், கதம்பம். பெற்ற மகளைச் சாம்பலாக்குவதா, நம்பி வந்தவளைச் சாம்பலாக்குவதா? ஊருக்கெல்லாம் நீட்டிய விரல் இப்போது தன் மூக்குக்கு நேரே திரும்பி நின்றது. மனிதர் நிஜமாகவே பயந்துபோனார்.

துணியே வேண்டாமே என்று அப்போதுதான் தோன்றியது. தோலின் நிறத்தை மட்டும் விட்டுவைத்தால்? கருப்போ மாநிறமோ, மனிதத் தோலெல்லாம் கணினிக்கு ஏறக்குறைய ஒரே ஆரஞ்சுதான். துணியும் சுவரும் வெளுக்க, மூன்று முகங்களும் ஆறு கைகளும் உயிரோடு எழுந்து வந்தன. “சபாஷ்டா!” என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. படத்தில் அவர்களுக்குப் பின்னால், சுவரில் முதல் மனைவியின் போட்டோ மாட்டியிருந்தது. அந்த முகமும் நிறத்தோடு நின்றது. நகமளவுதான் இருக்கும், ஆனால் இவரையே பார்த்தது.

அழித்தால் அவளுக்குத் துரோகம். விட்டால் இவளுக்கு. மகளைக் கேட்கலாமா? சே, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது! “ஒண்ணுமே புரியலையே,” என்று முனகியபடி, நிறமழிக்கும் பிரஷ்ஷை அந்த முகத்தின் மேல் கொண்டுபோனார். அழுத்தவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி முதுகுக்குப் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. அவள் குனிந்து திரையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மவுஸின் மேல் இருந்த அவர் கையை மெல்ல எடுத்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.