கத்தினது உன்ர மாமி இல்லை

…ஓம் வதனி, அண்டைக்கு அந்த ஹோலுக்குள்ள "ஐயோ" எண்டு கத்தினது உன்ர மாமி இல்லை. நான்தான்!

தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது.

என்ர பேத்தி துஷிக்குப் பெரிய மேடையில பாட இடம் கிடைச்சிட்டுதெண்டு காலமை போன் எடுத்தவள். ஒப்பராவாம், பாட்டாலயே நடிக்கிற நாடகம்! அந்தப் பூரிப்பில உன்னைக் கூப்பிட்டுச் சொன்னால்... நீ "மாமி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா" எண்டிட்டாய். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறது?

துஷி உந்தப் பாட்டுப் பழகத் துவங்கேக்க பள்ளிக்கூடப் பிள்ளை. அந்த இத்தாலிக்கார ரீச்சர் வயித்தால பாடச் சொன்னவவாம். வயித்தால போறது எனக்குத் தெரியும், வயித்தால பாடுறதை ஆர் கண்டது! இவள் வோஷ்ரூமுக்குள்ள நிண்டு "ஆ..." எண்டு இழுக்க, பில்டிங் பாக்கிற சூப்பர் ஓடிவந்து ஆருக்கு அடிவிழுதெண்டு கேட்டவன். உன்ர மாமி மட்டும் உங்கட வீட்டால வந்து, கதவடியில கதிரை போட்டிருந்து கேப்பா. "என்ன குரலடி இது!"

பிறகு ரீச்சர் தன்ர பிள்ளையளை வைச்சு ஒரு சேர்ச் ஹோலில கதைப்பாட்டுப் போட்டவ. துஷிதான் கதாநாயகி. கடைசியில நோயில படுத்தபடி பாடிச் சாகவேணும். சங்கீதக் கல்லூரி ஆக்களும் வந்திருந்தவை. அவைக்குப் பிடிச்சால் படிக்க எடுப்பினம். நானும் மாமியும் பக்கத்தில பக்கத்தில.

பாசை ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா பிள்ளை கட்டில்ல சாய்ஞ்சு, குரல் மெலிஞ்சு மெலிஞ்சு நூலாப் போய்... கண்ணை மூடினாளோ இல்லையோ, "ஐயோ, பிள்ளை போயிட்டுதே!" எண்டு நெஞ்சிலடிச்சிட்டன்! செத்தவீட்டில வாயை மூடிக்கொண்டு இருந்து பழகினனானே நான்?

ஹோல் முழுக்கச் சிரிச்சுது. துஷியின்ர குரல் உடைஞ்சுபோச்சு. அந்தமுறை அவளை எடுக்கேல்லை.

இருட்டுக்குள்ள அவளுக்கு ஆளைத் தெரியேல்லை. அழுதுகொண்டு வந்து, "அம்மம்மா, ஆர் கத்தினது?" எண்டாள்.

நான் உன்ர மாமியைப் பாத்தன். பாத்தது மட்டுமே... "பொன்னக்கா" எண்டும் சொல்லிப்போட்டன்!

மாமி என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு, "ஓம் மோனை, நான்தான். கிழவிக்கு விளங்கேல்லை" எண்டா.

ஏன் அப்பிடிச் சொன்னவ? நானும் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை.

அதோட அவவைக் கூட்டிவர வேண்டாமெண்டிட்டாள் துஷி. அடுத்த வருசம் கல்லூரியில எடுபட்டாள். பிறகு எத்தினை மேடை! ஒவ்வொருக்காவும் மாமி லிஃப்டடியில நிண்டு, "தங்கச்சி, இந்தமுறையாவது எனக்கும் ஒரு சீற் இருக்குமே?" எண்டு கேப்பா.

"நிறைஞ்சிட்டுதாம் அக்கா" எண்டுவன்.

போய்ப் பக்கத்து வெறுஞ்சீற்றில என்ர குளிர்க்கோட்டைக் கழட்டி வைச்சிருப்பன்! போன வின்ரரில அவ கண்ணை மூடுமட்டும் அப்பிடித்தான்...

என்ன, கோப்பையையே பாத்துக்கொண்டிருக்கிறாய்? "துஷிக்குச் சொன்னியளோ அன்ரி?" எண்டோ கேக்கிறாய்?

இல்லைப் பிள்ளை. சொன்னால் பிறகு என்னையும் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டால்?

ஐயோ, கீழ லோண்டரியில உடுப்புத் தோய்க்கப் போட்டதை மறந்துபோனன்! உந்தச் சனம் ஈரத்தோட அள்ளி வெளிய போட்டிடும். இரு, எடுத்துக்கொண்டு வாறன்.

எழும்பிப் போயிடாதை, என்ன?