துக்கம் கேட்க வந்தவர்

நோய் என்னிடமிருந்து முதலில் பிடுங்கிக்கொண்டது வாசல் கோலத்தை. சமையல், குளியல், பள்ளிக்கூட வேலை எல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் போயின. விடியற்காலையில் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து நாலு இழை இழுப்பது கல்யாணமான நாளிலிருந்து கை தானாகச் செய்துவந்த வேலை. ஒரு நாள் விழித்த பிறகும் படுக்கையிலேயே கிடந்தேன். வாளியைத் தூக்க வேண்டும் என்று நினைத்ததற்கே கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வாளிக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்பிவிடுவார். கோலம் இருந்தாலும் அதன் மேலேயே வண்டியை ஏற்றிப் போகிறவர், இல்லாததையா கவனிக்கப்போகிறார்? மகள் சென்னையில் வேலையில் இருந்தாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் என் மனச்சோர்வைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது வீட்டில் சட்டம். தென்னூரில் மனநல டாக்டரைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் ஏறும்போது யாராவது கேட்டால், பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிவைத்தோம். நாங்கள் போய்வந்த கணக்குக்கு என் வாயில் ஒரு பல்கூட மிஞ்சியிருக்கக் கூடாது.

அந்த டாக்டரிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை என்றேன். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லையா என்று அவர் நேராகவே கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினேன். இதைச் சோகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சோகம் என்றால் பரவாயில்லையே. அதற்கு ஒரு காரணம் இருக்கும், யாரிடமாவது சொல்லி அழலாம். எனக்கு மகள் போனில் சிரித்தால்கூட ஒன்றுமே தோன்றவில்லை. பெற்ற பெண்ணின் குரலைக் கேட்டும் ஒன்றும் தோன்றாதவள் எதற்காக இருக்க வேண்டும் என்பதுதான் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

மார்கழி பிறந்தது. தெருவே போட்டி போட்டுக்கொண்டு கோலம் போட்டது. எங்கள் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் வாசலில் நாள் கணக்கில் கோலம் இல்லையென்றால், வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியாததில்லை, நினைவுக்கு வரவில்லை. தினமும் கேட்டில் பூப்பொட்டலம் மாட்டிவிட்டுப் போகும் பூக்காரம்மா, தீட்டு வீட்டுக்கு எதற்குப் பூ என்று அவராகவே நிறுத்திவிட்டார். எனக்கோ, அப்பாடா, கதவைத் திறக்க வேண்டியதில்லை என்றிருந்தது.

ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வந்தார். அக்கா என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தெருவில் யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். குழாய்த் தண்ணீருக்காக ஒரு முறை சண்டை போட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. அன்று சத்தமில்லாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். நான் வாங்க என்று சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. துக்க வீட்டில்தான் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். அதோடு சீவாத தலை, பொட்டில்லாத நெற்றி. வேறென்ன வேண்டும் அவருக்கு? என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு டீச்சர்? ஊர்ல அம்மாவா?"

"அம்மா நல்லா இருக்காங்க."

"அப்ப யாரு? எப்ப ஆச்சு? ஒரு சேதிகூடச் சொல்லலையே."

"யாரும் சாகலைக்கா."

"அப்புறம் ஏன் கோலம் போடல?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் செத்த பிறகு வந்து கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வெளியே வரவில்லை. அது கோபத்துக்குச் சொல்கிற பேச்சாக இல்லை, நிஜமாக இருந்தது. அழ ஆரம்பித்தேன்.

"எந்திரிக்க முடியலைக்கா. உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான். நான் பல் டாக்டர்ட்ட போகல."

"அது தெரியும். பல்லெல்லாம் அப்படியேதான இருக்கு" என்றார். பிடித்த கையை விடாமலே கேட்டார். "செத்துடலாம்னு தோணுதா?"

"தோணுது."

அவர் ஆறுதல் சொல்லவில்லை. பெருமாள் பார்த்துக்குவார் என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் அதைச் சொல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

"உங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். என் வாயைப் பத்தித்தான் தெரியுமே."

அந்த வாய்க்குப் பயந்துதான் அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதார். மறுநாளே தென்னூருக்குப் போய், டாக்டரிடம் மறைத்ததைச் சொன்னோம். மருந்தை மாற்றினார்கள். இன்றைக்கும் சாப்பிடுகிறேன். இன்றைக்கும் சில காலைகளில் வாளி கனக்கிறது. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த மத்தியானம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அக்கா எழுந்து போனார். சொல்லிக்கொள்ளவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போவதுதான் முறை. அந்த நினைப்போடு வந்தவர் அப்படியே போய்விட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இது சாவு வீடுதான், செத்தவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவைப் பாதி தாண்டியிருப்பார். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. வாசற்படியில் வந்து நின்றார்.

"புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிக்காமப் போயிட்டேன் டீச்சர். போயிட்டு வரேன். நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன்."

தலையாட்டினேன். அவர் நகரவில்லை.

"தலையாட்டினா ஆச்சா? வாயால சொல்லுங்க."

போயிட்டு வரேன் என்கிறவரிடம் வாங்க என்று சொல்வதில் என்ன இருக்கிறது? யோசிக்காமல் எத்தனையோ பேரிடம் சொல்கிறோம். அன்று எனக்கு அது வரவில்லை. சொல்லிவிட்டால், நாளைக்கு அவர் வரும்போது நான் இருந்தாக வேண்டும். இருப்பேனா என்று எனக்கே தெரியாது. வெயில் அவர் முகத்தில் அடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாரே தவிர, போகவில்லை.

"வாங்கக்கா" என்றேன்.