மைக் வேண்டாம் என்ற டீச்சர்

தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பூசையில் நான் வாசித்த பைபிள் வாசகத்தின் நடுவே என் குரல் அறுந்து நின்றது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பூசை முடிந்ததும் ஃபாதர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், பெரிய வெள்ளிக்கு இயேசுவோட பாடுகளை வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுவோமா?"

எனக்கு வந்ததே கோபம்! பென்ஷன் எடுத்த பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு வாசிப்புதான். விட்டுக்கொடுப்பேனா?

இப்போது டீச்சராகப் படிப்பிக்கிற பிள்ளைகளே, எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒரே நீண்ட மண்டபம். வகுப்புகளுக்கு இடையில் சுவர் கிடையாது. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் நான் அதற்கு மேல் கத்துவேன். அந்த மாஸ்டர் எனக்கு மேல் கத்துவார். அந்தத் தொண்டைதான் என் பெருமை. கோயிலிலும் மைக்கை ஒதுக்கிவிட்டுத்தான் வாசிப்பேன். எங்கள் பென்ஷன் டீச்சர்மார் கூட்டத்துக்கு வந்து பாருங்கள், மைக்கைத் தொடுகிற ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ஒரு கிழமை முழுக்கக் கிசுகிசுத்தே பேசி, குரலுக்கு ஓய்வு கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். இன்னும் மோசமானது. என் பழைய மாணவன் செல்வம் தன் த்ரீவீலரில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரிஸ்னா மிஸ்ஸிடம் அனுப்பினார்கள்.

"மண்வெட்டி பிடிக்கிற கையில காய்ப்பு விழும்ல டீச்சர்? அது உங்க குரல் நாண்ல விழுந்திருக்கு. கிசுகிசுக்கவும் வேணாம், அதுவும் தொண்டைய இறுக்கும்."

"அப்ப எப்படித்தாம்மா பேசுறது?"

"கை எட்டுற தூரத்துல உள்ளவங்களோட, மெதுவா. தள்ளி இருந்தா நடந்து போங்க. செருமாதீங்க, ஒரு மொடக்கு தண்ணி குடிங்க. பெரிய வெள்ளிக்கு வாசிக்கணும்னா மைக்லதான். இல்லாட்டி வாசிக்கவே வேணாம்."

சரி என்றேன். வேறு வழி?

கிளாஸ் தண்ணீருக்குள் ஸ்ட்ரோவை விட்டு, "ஊ..." என்று குரல் கொடுத்துக் குமிழி விடுவதுதான் பயிற்சி. முதல் நாளே என் வீட்டுக்காரர் கதவடியில் நின்று, "என்னா புள்ள, மாடு தண்ணி குடிக்குதா?" என்றார். திருப்பி ஏசவும் வழியில்லை. மனுஷன் கை எட்டாத தூரத்தில் அல்லவா நின்றார்!

தவக்காலம் முழுக்கக் குமிழி விட்டேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ரிஸ்னா மிஸ்ஸும் சரி சொன்னாள்.

பெரிய வெள்ளியன்று பழக்கதோஷத்தில் என் கை மைக்கை ஒதுக்கப் போனது. பிறகு அதை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். வீட்டில் பேசுகிற குரலிலேயே வாசித்தேன். கோயிலில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை.

வெளியே செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இவ்வளவு காலமும் நீங்க வாசிக்கிறப்போ ஆண்டவர் எங்களுக்கு ஏசுற மாதிரியே இருந்திச்சு. இன்னைக்குத்தான் அவருக்கு வலிச்சது வெளங்கிச்சு."

சுருக்கென்றது. அடுத்த நிமிடம் சிரிப்பும் வந்துவிட்டது. வகுப்பில் நான் கத்திக் கத்திச் சொன்ன அன்பான பேச்செல்லாம் இவன் காதில் எப்படி விழுந்திருக்குமோ!

ஆகவே பிள்ளைகளே, மைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைவரைக்கும் நடந்து போய்ச் சொல்லுங்கள்.