மடித்தபடியே ஸ்கேன் ஆன வரைபடம்

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றிய பழைய ஆய்வறிக்கை ஒன்றைத் தேடி, இன்று காலை திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அதன் கடைசியில் மடித்து ஒட்டியிருக்கும் பெரிய வரைபடம் இல்லாமல் என் ஆராய்ச்சி ஒரு அடி நகராது.

"புத்தகம் எதுக்கு மேடம்? அதான் ஸ்கேன் பண்ணிட்டோம்ல. பழசு அம்புட்டையும் எடைக்குப் போட்டாச்சு" என்றார் நூலகர்.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. வரைபடத்தை மட்டும் பிரிக்காமல், மடித்த மேனிக்கே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். தெரிவது ஒரு மடிப்புதான். அதில் தலைப்பும் வடக்கு காட்டும் அம்புக்குறியும் இருக்கின்றன. கிணறு ஒன்றுகூட இல்லை.

எல்லாக் கல்லூரிகளின் புத்தகங்களும் சேர்ந்த பட்டியலை அவர் தட்டிப் பார்த்தார். "பழனி காலேஜ்ல ஒரு காப்பி இருக்கு மேடம். ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்க."

பழனி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அங்கிருந்த நூலகர் தன்மையானவர். "அதைப் போன மாசந்தானுங்க கழிச்சோம். திண்டுக்கல்ல ஸ்கேன் பண்ணியாச்சுன்னாங்க, அப்புறம் எதுக்குங்க எடத்தை அடைச்சுக்கிட்டு? இருங்க, அவங்க குடுத்த சிடி இருக்குது, போட்டுக் காட்டறேன்."

காட்டினார். அதே மடிப்பு. அதே அம்புக்குறி.

நாள் முழுக்க அலைந்ததில் குஜிலியம்பாறைக்கு வடக்கு எது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருக்கிறது. மவுஸை வைத்து மடிப்பைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வருகிறேன்.