சாப்பாட்டு வேளையில் திறந்த கோயில்

ஃபோஸ்கா பெர்த்தரெல்லி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது எங்கள் மலையூர் காஸ்டெல்மோரோ முழுக்கத் தெரிந்த விஷயம். பள்ளத்தாக்கில் இருக்கும் காலணித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் தோல் தைத்தவள். ஒரு தையல் கோணலாகப் போனால் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். மேற்பார்வையாளர் கத்தினாலும் சரி, சரக்கு லாரி வாசலில் வந்து நின்றாலும் சரி. அப்பேர்ப்பட்டவளிடம் புனித ரோக்கோ கோயில் சாவி வந்து சேர்ந்தது தகுதி பார்த்து அல்ல. அவள் வீட்டு வாசல் கோயில் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது, அவ்வளவுதான்.

கோயில் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இருபது பேர் உட்கார்ந்தால் இருபத்தொன்றாவது ஆள் வெளியேதான் நிற்கவேண்டும். பீடத்துக்குப் பின்னால் பலகையில் தீட்டிய ஓர் ஓவியம். ஐந்நூறு வருஷப் பழசு, தீட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது. நடுவில் மாதா, மடியில் குழந்தை. பக்கத்தில் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும் ரோக்கோ, ரொட்டியைக் கவ்விய அவருடைய நாய். பின்னால் மதில் வைத்த ஒரு தோட்டம், அதற்கும் பின்னால் ஒரு மலை.

முதல் பத்து வருஷம் ஃபோஸ்கா தூசி தட்டினாளே தவிர ஓவியத்தைப் பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஒருநாள் தரையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டக் குனிந்தபோது ரோக்கோவின் பூட்ஸ் கண்ணுக்கு நேரே வந்தது. இரட்டைத் தையல். குதிகாலில் ஒரு ஒட்டு. அடித்தோல் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. நிஜமாகவே நடந்தவனுடைய பூட்ஸ். தைக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவனுக்கு இந்தத் தையல் வராது என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்கு அரைமணி நேரம் மண்டியிட்ட இடத்தை விட்டு எழவில்லை. பூட்ஸிலிருந்து நாய்க்குப் போனாள், நாயிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து மலைக்கு. மலைக்கு வந்ததும் என்னமோ தோன்றி எழுந்துபோய் இடப்பக்கத்து ஜன்னல் பலகையைத் திறந்தாள். வெளியே அதே மலை. அதே இடத்தில் பிளந்த உச்சி, அதே இடத்தில் இரண்டு முறை வளைந்து ஏறும் பாதை. ஓவியன் இங்கேதான் நின்றிருக்கிறான். ஊரில் யாரிடம் சொன்னாலும், "மலைதானே, அது எங்க போகும்" என்றார்கள். அவளுக்கோ அன்றிலிருந்து அந்த ஓவியம் சொந்த மனுஷர் மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் மாதம் பாதிரியார் ஒரு கடிதத்தோடு வந்தார். மாகாணத் தலைநகரத்தில் பழம்பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கோயில் எப்போது பார்த்தாலும் பூட்டிக் கிடப்பதால் ஓவியத்தை யாரும் பார்க்க முடிவதில்லை, ஆகவே அக்டோபர் முடிவில் அது நகரத்து அருங்காட்சியகத்துக்கு மாற்றப்படும், ஆட்சேபணை இருந்தால் கோயில் திறந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவும் என்று இருந்தது. பாதிரியார் பெருமூச்சு விட்டு, அங்கே குளிரூட்டும் வசதியெல்லாம் உண்டு என்று ஆறுதல் சொன்னார். ஃபோஸ்காவுக்கு வந்த கோபத்தில் அவருக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துபோயிற்று. பூட்டிக் கிடக்கிறதா? சாவி எதிர் வீட்டில் என்று கதவிலேயே சீட்டு ஒட்டியிருக்கிறதே!

யாருமே ஓவியத்தைப் பார்க்க வருவதில்லையா என்று காப்பிக்கடை அம்லேத்தோவிடம் கேட்டாள். இந்தக் காலத்தில் யார் புனிதரைப் பார்க்க வருகிறார்கள், எல்லாரும் கடற்கரைக்குத்தான் போகிறார்கள் என்றான் அவன். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஃபோஸ்கா யார் பேச்சையும் நம்பாமல் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் உட்கார்ந்தாள்.

ஆள் வராமல் இல்லை. பன்னிரண்டு ஐம்பது பஸ்ஸில் தினமும் இரண்டு பேர், மூன்று பேர், முதுகில் பையோடு இறங்கினார்கள். கோயில் வாசலுக்கு வந்தார்கள், சீட்டைப் படித்தார்கள், கதவுக் கைப்பிடியைப் படம் எடுத்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள், மூன்று பத்து பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். ஒருத்தரும் அவள் வீட்டு மணியை அடிக்கவில்லை. ஏழாம் நாள் ஃபோஸ்கா தெருவைக் கடந்துபோய் அந்தச் சீட்டைத் தானே படித்துப் பார்த்தாள். "சாவி எதிர் வீட்டில். மணியை அடிக்கவும்." அதற்குக் கீழே, அவள் கணவன் துயிலியோவின் கையெழுத்தில், இரண்டு அடிக்கோட்டோடு: "ஒன்று முதல் நான்கு வரை அடிக்கக் கூடாது."

ஊருக்கு இருப்பதோ அந்த ஒரே பஸ்தான். அதில் இறங்கியவர்கள் கோயில் வாசலுக்கு வருவதற்குள் மணி ஒன்று ஆகிவிடும். இருபது வருஷமாக அந்தச் சீட்டு அங்கே இருக்கிறது, இருபது வருஷமாக ஊரே அதைக் கடந்து போகிறது. சாப்பாட்டு வேளையில் ஒருவர் வீட்டு மணியை இன்னொருவர் அடிப்பார் என்று யார் கனவிலும் வராததால், அதில் தப்பு இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் கையில் சாவியை வைத்துக்கொண்டு தானேதான் ரோக்கோவைப் பூட்டி வைத்திருந்ததை விழுங்க முடியவில்லை.

அன்று மதியமே சொல்லிவிட்டாள்.

"நாளையிலேருந்து ஒரு மணிக்குக் கோயிலைத் திறக்கப் போறேன்."

துயிலியோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். "ஒரு மணிக்கு நான் சாப்பிடுவேன்."

"சாப்பிடு. வேண்டாம்னு யாரு சொன்னா?"

"நடுவுல மணி அடிச்சா பாஸ்தா ஆறிப்போகும்."

"ஆறினா சூடு பண்ணிக்கலாம். படம் போனா திரும்பி வருமா?"

"சூடு பண்ணின பாஸ்தாவா?" என்றான் துயிலியோ. விவாகரத்துக் கேட்டிருந்தால்கூட அவன் முகம் அப்படிப் போயிருக்காது.

அவள் பழைய தோல் கத்தியை எடுத்துப்போய் அந்தக் கடைசி வரியை மட்டும் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் "எந்த நேரமும்" என்று எழுதினாள். பார்க்க வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டும் வாங்கி வைத்தாள்.

கோடை முழுவதும் மணி அடித்தது. ஃபோஸ்கா வாயில் மென்றுகொண்டே தெருவைக் கடப்பாள், சட்டையில் தக்காளிச் சாறு தெறித்திருக்கும். காப்பிக்கடையில் அவளுக்கு 'ரயில்வே ஸ்டேஷன்' என்று பெயர் வைத்தார்கள். துயிலியோ முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து, பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போதே தான் தனிக்கட்டை ஆகிவிட்டதாகப் புலம்பினான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எல்லாரையும் முதலில் பூட்ஸ் முன்னால் குனியவைத்தாள், பிறகு நாய், பிறகு தோட்டம், கடைசியில் ஜன்னல். ஹாலந்துக்காரர்கள் வந்தார்கள், தூரினிலிருந்து இரண்டு வாத்தியார்கள் வந்தார்கள். போலோஞாவிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவர், ஓவியத்தில் எலுமிச்சை மட்டும் மண்ணில் இல்லாமல் தொட்டியில் இருப்பதைக் காட்டினார். இந்த மலைக் குளிருக்கு அதை குளிர்காலம் தொடங்குமுன் உள்ளே தூக்கி வைத்தாக வேண்டும், தீட்டியவன் அதையும் கவனித்திருக்கிறான் என்றார். பத்து வருஷம் பார்த்தும் தொட்டி தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் கடைசியில் அம்லேத்தோ நோட்டைக் கேட்டான். சிலர் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள், இரண்டு நாள் தன் கடையில் இருக்கட்டும் என்றான். அவளும் நம்பிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது நான்கு பக்கம் நிரம்பியிருந்தது, எல்லாம் ஒரே ஊதா மையில். ஹான்ஸ், பாரிஸ். திருமதி ரோஸ்ஸி, ஜப்பான். ஒருவர் "ஓவியம் அருமை, காப்பிக்கடை அதைவிட அருமை" என்று எழுதியிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"உனக்கு உதவிதானே செஞ்சோம்," என்றான் அம்லேத்தோ, நிஜமாகவே புண்பட்டு.

"ஆறு மாசமா ஆறின பாஸ்தா தின்னது நான். நீங்க ஒரு சாயங்காலம் உக்காந்து அத்தனையும் பொய்னு ஆக்கிட்டீங்க. இது உதவியா?"

பக்கங்களைக் கிழித்துவிடு என்றான் துயிலியோ. கிழித்த இடம் இன்னும் பெரிய பொய்யாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஃபோஸ்கா அடிக்கோல் வைத்து ஒவ்வொரு பொய்ப் பெயரையும் நேர்கோட்டில் அடித்தாள். கோணலாகப் போன தையலை அவள் என்றைக்கும் மூடி மறைத்தது கிடையாது.

அக்டோபர் நடுவில், ஒன்று ஐந்துக்கு மணி அடித்தது. வாசலில் ஒல்லியாக ஒரு மனிதர், கையில் தோல்பை. ஃபோஸ்கா முதலில் காலைத்தான் பார்த்தாள். கையால் தைத்த பூட்ஸ், நல்ல தையல். கோயிலைத் திறந்துவிட்டாள். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பிறகு நோட்டைப் புரட்டினார். அடித்த பக்கங்களில் விரல் நின்றது.

"இதெல்லாம் என்ன, சிஞ்ஞோரா?"

"எங்க ஊர்க்காரங்க வேலை. பொய்க் கையெழுத்து. கோடு போடாம இருக்கிறது எல்லாம் நிஜம்."

அவர் தன் பெயர் ஸ்பராலி என்றும், மார்ச் மாதக் கடிதத்தை எழுதியது தான்தான் என்றும் சொன்னார். ஃபோஸ்கா மன்னிப்புக் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. நேரே போய் ஜன்னல் பலகையைத் திறந்தாள்.

"எடுத்துட்டுப் போறதுன்னா இந்த மலையையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க, ஐயா."

அவர் மலையைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். அப்படியே முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இந்தப் படத்தை இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்," என்றார். "மூணு வருஷத்துல மூணு தடவை வந்தேன். இதே பஸ்தான். சீட்டைப் படிச்சேன், வெளியில உக்காந்து ரொட்டி தின்னேன், திரும்பிப் போனேன். மூணாவது தடவை போனதும் அந்தக் கடிதத்தை எழுதினேன்."

"மணி அடிச்சிருக்கலாமே!"

"ஒரு மணிக்கா?" அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "சாப்பிடற நேரத்துலயா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலை, சிஞ்ஞோரா."

ஏழு மாதம் அவளைத் தூங்கவிடாத கடிதம் இதற்காகவா? ஃபோஸ்காவுக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் சிரிப்புத்தான் வந்தது, நிறுத்த முடியாத சிரிப்பு. ஸ்பராலி பேனாவை எடுத்து, அவள் கடைசியாக அடித்த கோட்டுக்குக் கீழே எழுதினார்: "மதியம் ஒன்று ஐந்து. திறந்திருந்தது. ஓவியம் இங்கேயே இருக்க வேண்டும்." கீழே கையெழுத்துப் போட்டார். அலுவலகத்துக்கும் இதையேதான் எழுதப்போவதாகச் சொன்னார்.

எதிர் வீட்டு வாசலிலிருந்து துயிலியோ, பாஸ்தா ஆறுகிறது என்று குரல் கொடுத்தான்.

"இன்னொரு தட்டு வை," என்றாள் ஃபோஸ்கா. "சூடு பண்ணாதே. இவரும் ஆறினதே சாப்பிடட்டும்."